சட்டி வழிக்கிற இருவர்

கேள்வி: அக்கா, நாங்கள் திருக்கடலூரில் இருக்கிறோம். கணவர் கடற்தொழில். மகளுக்கு 20 வயது, ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறாள். எந்நேரமும் களைப்பு, தலைச்சுற்று. மத்தியானம் படுத்தால் விளக்கு வைக்கிற நேரம்தான் எழும்புவாள். சோம்பல் என்று ஏசிக்கொண்டிருந்தேன். போன மாதம் கோணேசர் கோயிலுக்குப் போனபோது, கோட்டைக்குள் மான் நிற்கிற இடத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். நானும் அவளோடு இருந்துவிட்டேன். தகப்பனும் தம்பியும் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். பிறகு ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.2 என்று சொல்லி இரும்புக் குளிசை தந்தார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பத்து நாளில் நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை அக்கா, வீட்டில் மீன் இல்லாத நாளில்லை. அவருக்கும் மகனுக்கும் போட்டுக் கொடுத்த பிறகு, நானும் அவளும் சட்டியிலேயே பிட்டைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுவிடுவோம். அதுவே எங்களுக்குப் போதும். இப்போது அவருடைய அக்காவின் மகனுக்கு இவளைக் கேட்கிறார்கள். தை மாதம் வைக்கலாம் என்கிறார்கள். இந்த ரத்த விசயத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? சொந்தத்துக்குள்தானே? எனக்கும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தது, பிள்ளை பெற்றதும் சரியாகிவிட்டது. கல்யாணம் முடிந்தால் இவளுக்கும் உடம்பு தேறிவிடும்தானே?

பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: தேறாது, தங்கச்சி. உங்களுக்கும் தேறவில்லை. பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். மான் நிற்கிற இடத்தில் ஏற்றம் சரியாகத் தொடங்குவதுகூட இல்லை. அவள் உட்கார்ந்தாள், சரி. நீங்கள் ஏன் உட்கார்ந்தீர்கள்? துணைக்கு என்பீர்கள். நான் நம்பமாட்டேன்.

நீங்கள் கேட்டது கல்யாணத்தைப் பற்றி. என் கண் போய் நின்றது அந்தச் சட்டியில். போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு அப்பால் போய்விட்டீர்கள். எனக்குப் போக முடியவில்லை.

சட்டி வழித்துச் சாப்பிடுகிற ருசி எனக்கும் தெரியும். அடியில் பிடித்த புளியும் பாலும், ஓரத்தில் ஒட்டிய வெந்தயம், உதிர்ந்த மீன் ஒரு செதில், அதற்குள் சூட்டோடு பிட்டு. அமிர்தம்தான். ஆசைக்கு ஒரு நாள் சாப்பிடலாம். அதுவே பங்கு என்று இருபது வருடம் சாப்பிட்டால்? அந்தச் சட்டியில் மிச்சம் இருந்தது என்ன என்று நினைத்துப் பாருங்கள். புளி, தூள், எண்ணெய். மீன் இரண்டு கோப்பையில் ஏறிப் போய்விட்டது. கடலுக்குப் போகிறவரின் வீட்டில், இரண்டு பெண்கள் மீனின் வாசத்தைச் சாப்பிட்டு வாழ்கிறீர்கள்.

சோகை, அதாவது இந்த ரத்தக் குறைவு, ஊரில் இல்லாத வருத்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. 50 கோடிக்கு மேல். ஏழை நாடுகளில்தான் கூட. 2025க்குள் இதைப் பாதியாகக் குறைப்பது என்று 2012இல் உலக நாடுகள் கூடித் தீர்மானித்தன. குறையவில்லை, இப்போது 2030க்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வறுமை, மலேரியா, கொழுக்கிப்புழு, மூச்சு விடாமல் அடுத்தடுத்த பிரசவம் என்று காரணம் பல. அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு நான் இப்படி எழுதமாட்டேன், கை கூசும். மீன் இல்லாத நாளில்லை என்று நீங்களே எழுதியதால்தான் ஏசுகிறேன்.

அவர் வலை இழுக்கிறவர், தெம்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பிட்டு இரண்டு குழல் கூடப் போடுங்கள். ஆனால் இரும்பின் கணக்கு வேறு. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு அது கூடத் தேவை. அமெரிக்காவில் வைத்திருக்கிற அளவின்படி 19 முதல் 50 வயது வரையான பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம், அதே வயது ஆணுக்கு 8. இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் வீட்டில் பங்கு தலைகீழாக நடக்கிறது.

என் அம்மாவின் கைவிரல் நகங்கள் நடுவில் குழிந்து, சின்னக் கரண்டி மாதிரி இருக்கும். சின்ன வயதில் நானும் தங்கச்சியும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது வழியாமல் நிற்பதைப் பார்த்துச் சிரிப்போம். அம்மாவும் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு சிரிப்பா. இரும்புச் சத்து அடியோடு வற்றினால் நகம் அப்படிக் குழியும் என்று எனக்குத் தெரிய வந்தபோது அம்மா இல்லை. அவவும் சட்டி வழித்தவதான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உங்கள் நகத்தைப் பாருங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று கீழ் இமையை இழுத்து உள்பக்கம் சிவப்பா வெள்ளையா என்றும் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ, மகளோடு போய் நீங்களும் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, நாள் கூட நிற்கிறதா என்பதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருந்தாலும் அப்படிப் போகும்.

குளிசைக்கு வருகிறேன். மலம் கறுப்பாகப் போவது உடம்பில் சேராமல் மிஞ்சிய இரும்பின் நிறம். அதற்குப் பயந்து நிறுத்தியது பிழை. பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், அல்லது டொக்டரிடம் சொல்லி அளவை மாற்றலாம். எதோடு குடித்தாள் என்று எழுதவில்லை. தேத்தண்ணியோடுதான் குடித்திருப்பாள், பந்தயம் கட்டுவேன். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது, பாலும் மறிக்கும். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீரோடு போடட்டும். முருங்கையிலை வறையும் பொன்னாங்காணியும் நல்லதுதான், தேசிப்புளி விட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் கீரையில் உள்ள இரும்பு கொஞ்சம்தான் சேரும், மீனிலும் இறைச்சியிலும் உள்ளது அதைவிடக் கூடச் சேரும். கீரையை நம்பிக் குளிசையை விடவேண்டாம். பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் சோகை, 8க்குக் கீழே போனால் கடுமை. உங்கள் மகள் அந்த விளிம்பில் நிற்கிறாள். நாலு கிழமையில் திரும்பச் சோதிக்க வேண்டும். 12ஐத் தாண்டியதும் நிறுத்துகிற வேலையும் வேண்டாம். உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது பிடிக்கும்.

ஆகவே தை மாதம் இல்லை. ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வெறும் பானையோடு அவளை அனுப்பினால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தில் மற்றவள் தாங்குகிற ரத்தப்போக்கை இவள் தாங்கமாட்டாள். ஆவணிக்குத் தள்ளுங்கள். கேட்கிறவர் அவருடைய கூடப்பிறந்த அக்காதானே, ஏழு மாதம் பொறுக்கமாட்டாவா? பொறுக்காத வீடு என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சொந்தத்துக்குள்தானே, சொல்லத்தான் வேண்டுமா என்கிறீர்கள். சொந்தம் என்பதால்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். இரும்பு குறைந்தால் மட்டும் ரத்தம் குறைவாகக் காட்டும் என்றில்லை. தலசீமியா என்று பரம்பரையாக வருகிற ஒரு ரத்த நோய் உண்டு. நோய் இல்லாமல் அதன் குறையை மட்டும் உடம்பில் சுமக்கிற காவிகளுக்கும் குறைவாகக் காட்டலாம், ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டுகிற இருவரும் காவிகள் என்றால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சானும் மச்சாளும் கட்டினால் இரண்டு பேரிடமும் அதே குறை இருக்கிற சாத்தியம் கூட. அவளுக்கும் அந்தப் பொடியனுக்கும் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். இரண்டு சாதகத்தையும் தூக்கிக்கொண்டு சாத்திரியிடம் போகக் கூச்சப்படாதவர்கள், இதற்கும் கூச்சப்பட வேண்டாம்.

நான் குடும்பம், கடமை எல்லாம் பழங்கதை என்கிற ஆள் இல்லை. வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தாய்க்குக் கடமை உண்டு, அகப்பை பிடிக்கிற கை நியாயமாக இருக்க வேண்டும் என்பது அதில் முதலாவது. நீங்கள் கடைசியில் சாப்பிடுவதைத் தியாகம் என்று நினைக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து பார்க்கிற மகள் அதைச் சட்டம் என்று படித்துக்கொண்டாள். நாளைக்கு அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தால் அதையும் சட்டிக்கு முன்னால் கூட்டிவைப்பாள். சீதனத்தோடு அந்தச் சட்டியையும் கட்டி அனுப்பப் போகிறீர்களா? அவரையும் சும்மா விடுவதற்கில்லை. இருபது வருடமாகத் தன் கோப்பையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டு எழும்பியிருக்கிறார். கெட்ட மனிசராக இருக்கமாட்டார், நீங்கள் காட்டவில்லை, அவர் பார்க்கவில்லை. 8.2 என்று எழுதிய துண்டை அவர் கையில் கொடுத்து, அது என்ன என்று வாயால் சொல்லுங்கள்.

நாளைக்குத் தோணி கரைக்கு வந்து மீன் வீட்டுக்கு வந்ததும், நாலு கோப்பையையும் ஒன்றாக வைத்துப் போடுங்கள். முதல் துண்டு மகளுக்கு, அடுத்தது உங்களுக்கு, நடுத்துண்டாகப் பார்த்து. சட்டியைத் தம்பி வழிக்கட்டும். வழித்து முடிந்தால் கழுவி வைக்கிறதும் அவன்தான்.