மூக்கு என்னும் கஞ்சன்

அன்புள்ள ஐயா,

அரிசோனா பாலைவனத்துக் கங்காரு எலி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாழ்ந்துவிடும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அது மூச்சை அடக்கித்தான் நீரைச் சேமிக்கிறதா? நம் பிராணாயாமமும் இதுதானே? ஒட்டகத் திமில் போல உடம்புக் கொழுப்புதான் அதற்குத் தண்ணீராக மாறுகிறது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அதன் சிறுநீரகம் பற்றியும் தனியாக எழுத வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிராணாயாமத்தை விட்டுவிடுங்கள். நாற்பது கிராம் சொச்சம் எடையுள்ள பிராணி அது. ராத்திரியெல்லாம் விதை பொறுக்க ஓடுகிறது. கிராமுக்குக் கிராம் பார்த்தால் நம்மைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் அதற்கு வேண்டும். மூச்சடக்கி உட்கார ஏது நேரம்?

கொழுப்புக் கதைதான் எனக்குக் கோபத்தைக் கிளப்புகிறது. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 1.07 கிராம் தண்ணீர் பிறக்கிறது, மாவுச்சத்தில் 0.56 தான். உண்மை. அத்தோடு கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எரிக்க ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? மூச்சு இழுக்க வேண்டும், இழுத்த காற்றை ஈரமாக்கி வெளியே விட வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள்: கொழுப்பு தருவது 0.53 கிராம், மாவுச்சத்து 0.67. வரவை எழுதிச் செலவை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள்? திமில் ஒட்டகத்தின் சோற்றுமூட்டை, தண்ணீர்க்குடம் அல்ல. இன்னொரு முறை காணொளியை நம்பிக் கடிதம் எழுதாதீர்கள்.

இந்த எலியின் வரவு செலவை ஒழுங்காக எழுதியவர்கள் க்னூட், போடில் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் ஆய்வாளர் தம்பதி. 25 டிகிரி வெப்பத்தில், வறண்ட காற்றில், 100 கிராம் பார்லியை எலி தின்று முடிக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதில் வரும் தண்ணீர் மொத்தம் 60 கிராம். அதிலும் 54 உடம்புக்குள் எரிந்து பிறப்பது. சிறுநீரில் 13.5 போகிறது, புழுக்கையில் 2.6. மிச்சம் கிட்டத்தட்ட 44 கிராமும் ஆவிதான், தோல் வழியும் மூச்சு வழியும். சிறுநீரகத்தை எல்லோரும் பாடியாயிற்று, பாடட்டும். மூக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டையை அது அடைத்திருக்கும் விதம் 1964இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. எலியின் மூக்குக்குள் வழி மிகக் குறுகல், சுவரெல்லாம் ஈரச் சவ்வு. உள்ளே போகும் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சும்போது சுவர் குளிர்ந்துவிடுகிறது, மண்பானை மாதிரி. நுரையீரலிலிருந்து திரும்பும் சூடான காற்று அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு, கொண்டுவந்த தண்ணீரில் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. வெளியே வறண்ட காற்று 15 டிகிரி என்றால் எலி விடும் மூச்சு 13 டிகிரி. இழுத்ததைவிடக் குளிர்ச்சி! ஈரம் நிறைந்த ஒரு லிட்டர் காற்று 37 டிகிரியில் 44 மில்லிகிராம் நீரைச் சுமக்கும். 13 டிகிரியில் 11 தான். நம் மூக்கும் இதையே செய்கிறது, ஆனால் வழி அகலம் என்பதால் அரைகுறையாக.

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. துடைப்பதற்கு முன் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதுவார், கண்ணாடி பால் போல மங்கிவிடும். ஆறு வயதில் நானும் ஊதினேன், மூக்கால். சரியாக மங்கவில்லை. "மூக்கு கஞ்சன்டா, ஈரத்தை விடாது. வாய்தான் ஊதாரி" என்றார். ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். இதை எங்கே கற்றார் என்று கேட்கத் தோன்றவில்லை.

கடைசி மாதம் அவருக்கு மூக்கில் குழாய். வாயால்தான் மூச்சு. பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். மறுபடி நனைப்பேன்.