பல வருஷமாக நிற்கும் பழைய லாரியின் டீசல் லைனை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேட்டவர் தன் தாத்தாவின் லாரி 8 வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது, டேங்கில் பழைய டீசல் அப்படியே கிடக்கிறது, புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா என்கிறார். தயவுசெய்து அடிக்காதீர்கள். வேலையில் பாதியை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம், மீதிப் பாதியைக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். எது எந்தப் பாதி என்பதை நானும் அப்பாவும் எங்கள் வண்டியில் ஏழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொண்டோம், அதை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சங்ககிரிப் பக்கம். வண்டி 1988 மாடல் டாடா 1210 எஸ்.இ. அப்பா அதில்தான் சிமெண்ட் ஏற்றி பெங்களூர் போய் வந்து என்னைப் படிக்க வைத்தார். 2011-ல் சேலம்–தருமபுரி வழியில் இருக்கும் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லோடோடு நின்றுபோனது. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் அதே மாதிரி நாலைந்து தடவை நின்றிருக்கிறது; ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை பம்ப் வேலை பார்த்துப் பணம் வாங்கினார்கள், தீரவில்லை. அந்தத் தொப்பூர் இரவுக்கு அப்புறம் அப்பாவுக்கு வண்டி மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. வேப்பமரத்தடியில் நிறுத்தியவர் 11 வருஷம் தொடவில்லை. விற்கவும் மனசு வரவில்லை. நான்தான் ஒருநாள் “வாங்கப்பா, ரெண்டு பேருமே பார்த்தரலாம்” என்றேன். “உனக்கு எதுக்கு கண்ணு இந்த டீசல் வாடை” என்று சொல்லிக்கொண்டே ஸ்பானர் பெட்டியைத் தேடப் போனார்.

முதலில் டீசல் போகும் பாதையை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து உறிஞ்சும் பைப், அதிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் சின்ன ஃபீட் பம்ப், அப்புறம் இரண்டு ஃபில்டர், அதற்கப்புறம் அழுத்தம் ஏற்றும் பெரிய பம்ப், அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு இரும்புப் பைப், கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில். மிஞ்சிய டீசல் ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்ப டேங்குக்கே வந்துவிடும். ஃபில்டர் வரைக்கும் நம் வேலை. பெரிய பம்ப்பும் நாசிலும் கடை வேலை. பெரிய பம்ப்புக்குள் மேலும் கீழும் போய் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், நம் தலைமுடியின் தடிமனே அதைப்போல இருபது மடங்குக்கு மேல் இருக்கும். பழைய டேங்கின் துருவும் தண்ணீரும் ஒருமுறை அங்கே போனால் பிளஞ்சர் கீறிவிடும். செல்ஃப் அடிக்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

டேங்கைத் திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் தண்ணீர், அதற்கு மேல் கொழகொழவென்று கறுப்பாக ஒரு படலம், பக்கமெல்லாம் துரு. பாதி காலியாக நிற்கும் டேங்கில் ராத்திரி குளிருக்குக் காற்றிலிருக்கும் ஈரம் தண்ணீராக இறங்கிக்கொண்டே இருக்கும், 11 வருஷத்தில் அது இவ்வளவு சேர்ந்திருக்கிறது. டேங்கைக் கழற்றி இறக்கி, துருவை உதிர்க்க உள்ளே சைக்கிள் செயின் போட்டுக் குலுக்கலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்றார், உள்ளே டீசல் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடு இருக்கும், செயின் அதில் மாட்டிக்கொண்டால் வராது. பொடி ஜல்லி பொறுக்கச் சொன்னார். “எண்ணிப் போடு சாமி, எண்ணி எடுக்கோணும்” என்றார். 150 கல் எண்ணிப் போட்டு, கொஞ்சம் டீசல் ஊற்றி, சாக்கு விரித்த மண்ணில் ஆளுக்கொரு பக்கம் நின்று அரை மணி நேரம் உருட்டினோம். கொட்டி எண்ணினால் 149. அந்த ஒரு கல்லுக்காக அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் போனது. “ஒரு கல்லுதானுங்கப்பா, அடியில கெடந்தா கெடக்கட்டும்” என்று சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் வாங்கவே இல்லை. டேங்கைத் தலைகீழாகப் பிடித்து மூலைக்கு மூலை கையால் தட்டிக்கொண்டே இருந்தார், இருட்டும் நேரத்தில் டொக்கென்று வந்து விழுந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ரப்பர் ஹோஸ் எல்லாம் விறைத்துப்போயிருந்தது, அத்தனையும் புதுசு போட்டுவிட்டோம், அதில் யோசிக்கவே வேண்டாம். இரண்டு ஃபில்டரும் அப்படித்தான். செம்பு வாஷர்களை மட்டும் அப்பா தூக்கிப்போட விடவில்லை. அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும், எஃகு மாதிரி இறுகாது. முறுக்கும்போது புது வாஷர் போலவே நன்றாகப் பதிந்து உட்காரும். (அம்மாவின் சமையல் அடுப்பில்தான் இதைச் செய்தோம். பதிலுக்கு அவர் வைத்த நிபந்தனை, இரண்டு பேரும் அரப்புத்தூள் போட்டுக் கை கழுவாமல் வீட்டுக்குள் வரக்கூடாது.) மரை உள்ள இடத்தில் டேப் சுற்றாதீர்கள், அதன் பிசிறு உள்ளே போய் அடைக்கும்.

பெரிய பம்ப்பைக் கழற்றும் முன், அதை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கில் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் ஒரு குறி வெட்டிக்கொள்ளுங்கள். குறி இல்லாமல் கழற்றினால் டைமிங், அதாவது சரியான நேரத்தில் டீசல் பீய்ச்ச வைப்பது, பெரிய வேலையாகிவிடும். எங்களுடையது மைகோ பம்ப். 1951-ல் தொடங்கிய பெங்களூர் கம்பெனி, 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள், ஆனால் எங்கள் பக்கம் இன்னும் மைகோதான். கடையில் அதைக் காலிபரேஷன் பெஞ்சில் ஏற்றி ஆறு வழியிலும் ஒரே அளவு டீசல் வருகிறதா என்று பார்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள். ஆறு நாசிலில் மூன்று ஒழுகியது, அதை மாற்றினோம். நாசில் எங்களுக்கு 200 பார் கணக்கில் திறக்க வைத்தார்கள், பவுண்டில் சொன்னால் 2,900. லாரி டயரில் நாம் பிடிக்கும் காற்று 110 பவுண்டு சுமார்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாசில் பீய்ச்சும் இடத்தில் விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஏர் எடுக்கும் வேலை, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. ஃபீட் பம்ப்பில் இருக்கும் ஹேண்ட் பம்ப்பை அடித்துக்கொண்டே முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், பெரிய பம்ப் என்று வரிசையாக ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். கடைசியில் நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடிக்க வேண்டும். அதற்கு முன் அப்பா ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, அந்த வாய் அளவுக்கு ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நெடுநாள் நின்ற பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராடு முழு டீசலில் சிக்கியிருந்தால் இன்ஜின் கட்டுக்கடங்காத வேகத்தில் பறக்க ஆரம்பிக்கும், இன்ஜினை அணைக்கும் ஸ்டாப்பரை இழுத்தாலும் நிற்காது, அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும். கடையில் பார்த்து வந்த பம்ப் என்றாலும் பலகை இல்லாமல் முதல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பலகைக்கு வேலை வரவில்லை. மூன்றாவது செல்ஃபில் வெள்ளைப் புகையோடு பிடித்தது. 11 வருஷம் கழித்து அந்தச் சத்தம். அப்பா ஒன்றும் பேசவில்லை, பானெட்டில் கை வைத்தபடி நின்றார். மூன்று நிமிஷத்தில் இன்ஜின் இழுத்து இழுத்து அணைந்துபோனது.

மறுபடி ஏர் எடுத்தோம், மூன்று நிமிஷம், அணைந்தது. அன்று முழுவதும் இதேதான். வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் பைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அடுத்த ஞாயிறு அப்பா ஃபீட் பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி போல உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு சாண் மாட்டி டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். கடுகு கடுகாகக் குமிழி வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஹோஸுக்கு அந்தப் பக்கம், டேங்குக்குள்.

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு பைப்பைக் கழற்றி, பஞ்சர் கடையில் டியூபை முக்குவது போல ஒரு முனையை விரலால் அடைத்துப் பக்கெட் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் ஹோஸ் வைத்து ஊதினேன். பைப்பின் பாதிக்குச் சற்று மேலே, கிளாம்ப் பிடிக்கும் இடத்திலிருந்து ஒரு குமிழி வந்தது. துடைத்துப் பார்த்தால் கிளாம்ப் உரசி உரசித் தேய்ந்து, முடி போல ஒரு விரிசல். நகத்தால் தடவினால்தான் தட்டுப்பட்டது. டேங்க் நிறைய இருக்கும்போது விரிசல் டீசலுக்குள் மூழ்கியிருக்கும், தொந்தரவு இல்லை. மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் காற்றை உறிஞ்சும். நாங்கள் ஊற்றியிருந்ததோ 20 லிட்டர்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “தொப்பூர்ல எப்பவுமே டேங்க் பாதிக்குக் கீழ இருந்தப்பதான் கண்ணு நின்னுச்சு” என்றார். சங்ககிரியில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய நாளில் ஒருமுறைகூட நிற்கவில்லையாம். பம்ப்பில் ஒன்றுமே இல்லை. இரண்டு தடவை காசு கொடுத்ததும், வண்டியை ஓரங்கட்டியதும் இந்த ஒரு சாண் பைப்புக்காக.

பைப்பைத் தனியாக எடுத்துப்போய் பித்தளை வைத்து அடைத்து வந்தோம். டேங்கோடு சேர்த்து வெல்டு வைக்க யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், காலி டேங்கில் இருக்கும் ஆவி வெடிக்கும். கிளாம்புக்கு அடியில் ரப்பர் கொடுத்து மாட்டினோம். அன்றைக்கு இன்ஜின் ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஐடிலில் விட்டு அப்பா ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்தி எனக்குக் கேட்கப் பழக்கினார், சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, மாறாவிட்டால் அதில்தான் கோளாறு. ஆறிலும் மாறியது.

வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் முடிய மூன்று மாதம் ஆனது. முடிந்த வாரமே அப்பா வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு தொப்பூர் போகலாம் என்றார். டேங்கில் கால்வாசிதான் இருந்தது, வழியில் பங்க் வந்தபோது “போடலாமாங்கப்பா” என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கணவாய் ஏற்றத்தில் ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு செகண்ட் கியரில் ஏற்றினார், இரண்டு பேரும் பேசவே இல்லை. மேலே போய் ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டுக் கேட்டார். அப்புறம் தானே ஸ்டாப்பரை இழுத்து அணைத்துவிட்டு, “டீ குடிச்சிட்டு வர்றப்ப நீ ஓட்டு” என்று சாவியை என் கையில் கொடுத்தார்.