பெங்களூர் பக்கம் கல்குவாரியில் ஸ்கூபா: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபாவின் முதல்நிலைப் பயிற்சி) முடித்திருக்கிறேன். வீடு கே.ஆர்.புரத்தில். மாதாமாதம் கடலுக்கு ஓட முடியவில்லை. ஊரைச் சுற்றித் தண்ணீர் நிரம்பிய கல்குவாரிகள் இருக்கின்றனவே, டைவ் செய்ய நல்லதாக ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, டிப்பர் லாரி இறங்கிய பழைய பாதை தண்ணீருக்குள் சரிவாகப் போகிறதா என்பது. கிரானைட்டைச் செங்குத்தாக வெட்டியெடுத்த குழி இது. பாதை இல்லாவிட்டால் குதித்து இறங்கிவிடலாம், சிலிண்டரோடு ஏறி வர முடியாது. நன்றாக நீந்துகிறவர்களே குவாரியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கரையில்லாத கரையால்தான்.

தேடுவதற்கு கூகுள் எர்த் போதும். கம்ப்யூட்டரில் திறந்தால் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்கலாம். குவாரி வறண்டிருந்த காலத்துப் படம் கிடைத்துவிட்டால் அடித்தளமே கண்முன் வந்துவிடும்: பாதை எந்தப் பக்கம், படிப்படியாக வெட்டினார்களா, கைவிட்ட இயந்திரம் ஏதாவது கிடக்கிறதா. அப்புறம் நேரில் போய் விசாரியுங்கள். பெங்களூர் குவாரிகளில் கல் உடைத்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அக்கம்பக்கத்தில் வயதான ஒருவரைப் பிடித்து, "அய்யா, அடியில என்ன விட்டுட்டுப் போனாங்க?" என்று தமிழிலேயே கேட்டால் கம்பி, கயிறு, ஆழம் எல்லாம் வந்துவிடும். எந்த ஆப்பும் இதைச் சொல்லாது.

வடக்கே பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி, பாகலூர் பக்கத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். நகரத்துக் குப்பையைக் கொட்டிய குவாரிகள் அங்கேதான் இருக்கின்றன; குப்பைச் சாறு நிலத்தடி நீரோடு எங்கெல்லாம் பரவியிருக்கும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்துக் குவாரியில் இன்னும் வெடி வைக்கிறார்கள் என்றாலும் வேண்டாம்.

நிலம் யாருடையது என்று தெரியாமல் இறங்காதீர்கள். பட்டா நிலமென்றால் உரிமையாளரிடமும், அரசு நிலமென்றால் அதற்குப் பொறுப்பான துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிராம பஞ்சாயத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், யாரோ மூழ்கிவிட்டார் என்று ஊர் திரளாது. இத்தனை அலைச்சல் எதற்கு என்று தோன்றினால், ஏற்கெனவே அனுமதியோடு குவாரியில் பயிற்சி நடத்தும் பள்ளியோடு சேர்ந்து போங்கள். புதியவருக்கு நான் சொல்வது இதைத்தான். கரையில் அவசர முதலுதவிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் கலங்கிய தண்ணீர் தெளிய நாளாகும். ஜனவரிக்கு மேல் போவது நல்லது. அப்போதும் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடியில் பட்டால் சேறு கிளம்பி, கை நீட்டினால் விரல் தெரியாது. தூண்டில் நரம்பு, வலை சிக்கினால் அறுக்க ஒரு கத்தி அவசியம். நன்னீரில் மிதப்பு குறைவு என்பதால் கடலில் மூழ்குவதற்காகக் கட்டிய வெயிட்டில் சுமார் 2 கிலோ குறைத்துப் பாருங்கள்.

கடலோரத்தில் படித்தவர்கள் கோட்டைவிடுவது உயரத்தை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. 300 மீட்டரைத் தாண்டினாலே உயரத்துக்கான கணக்கு தனி. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் 18 மீட்டர் இறங்கினால், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் அட்டவணையில் 20 மீட்டருக்கான நேரத்தைப் பார்க்க வேண்டும். டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி) உயரத்தைத் தானே கண்டுகொள்ளுமா, நீங்கள் அமைக்க வேண்டுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

இதே உயரம் நீங்கள் புதுச்சேரி போய்வரும்போதும் குறுக்கே வரும். டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக, டைவுக்குப் பின் விமானம் ஏறக் காத்திருக்கும் விதி, 2,000 அடிக்கு மேலான எந்த உயரத்துக்கும் பொருந்தும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏறும்போது அந்த உயரத்தைக் கடந்துவிடுகிறீர்கள். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழிய வேண்டும். சனிக்கிழமை மதியத்தோடு டைவை முடித்துக்கொண்டு, ஞாயிறு காலை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.