கூலரின் கனத்துக்கு மதர்போர்டு வளையுமா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் போன வருடம் தானே ஒரு கணினியைப் பூட்டினான். பிராசஸர் மேலே, அதன் சூட்டைத் தணிக்க, நாக்டுவா நிறுவனத்தின் என்எச்-டி15 என்ற பெரிய கூலர். அண்மையில் வேறு வேலையாகக் கடைக்குக் கொண்டுபோனபோது, "இவ்வளவு கனம் தொங்கினால் ஒரே வருடத்தில் போர்டு வளைந்து உடைந்துவிடும். வாட்டர் கூலிங் போடுங்கள், 250 வெள்ளி" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். அடுத்த மாதம் தெங்காவுக்கு வீடு மாறப்போகிறார்களாம். மாற்றிவிடவா என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டாம் அம்மா. அந்த 250 வெள்ளியைப் புது வீட்டுத் திரைச்சீலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூலர் இரண்டு விசிறியோடு சேர்த்து 1,320 கிராம். தேக்காவில் வாங்கும் ஒரு கிலோ வெங்காயத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 165 மில்லிமீட்டர் உயரம் வேறு. அது போர்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கனத்தை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மதர்போர்டு, அதாவது பாகங்கள் எல்லாம் பூட்டப்படும் தாய்ப்பலகை, தனியாகத் தாங்குவதில்லை. போர்டின் முதுகுப்பக்கம், பிராசஸருக்கு நேர் பின்னால், ஓர் உலோகத் தகடு இருக்கிறது. பேக்பிளேட் என்பார்கள். கூலரின் ஸ்க்ரூ அதில்தான் இறங்குகிறது. போர்டு நடுவில் பிடிபட்டு நிற்கிறது. அந்தப் பிடியின் விசை கூலரின் எடையைப் போலப் பல மடங்கு. சுவரில் நன்றாக அடித்த அலமாரியில் அரிசிப் பை வைத்தால் சுவரா வளைகிறது?

பிராசஸர் தயாரிக்கும் இன்டெல் தன் குறிப்புகளில் கூலர் எடையின் உச்சவரம்பை 450, 500 கிராம் என்று எழுதிவைத்திருந்தது உண்மை. கடைக்காரர்கள் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஒரு கிலோ தாண்டிய கூலர்கள் உலகம் முழுக்க வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், போர்டை அதிகம் வளைத்துப் பெயர் கெட்டது நான்கு பிளாஸ்டிக் கால்களோடு வந்த சின்னக் கூலர்தான். அதற்குப் பின்னால் தகடு கிடையாது. கட்டைவிரலால் அழுத்திச் செருகும்போதே போர்டு வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

உங்கள் பையன் பார்க்க வேண்டியது ஸ்க்ரூவை. ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிராசஸர் சாய்ந்து உட்காரும். அப்போது சில முனைகள் சரியாகத் தொடாது, இரண்டு மெமரியில் ஒன்று காணாமல் போகும். உடனே "போர்டு போச்சு" என்பார்கள். தளர்த்தி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் பல நேரம் திரும்பி வந்துவிடும்.

சரி, நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீங்கள் போகிற போக்கில் எழுதிய வீடு மாறும் விஷயம்தான் அது. ஒரே இடத்தில் நிற்கும்போது 1.3 கிலோ வெறும் 1.3 கிலோ. லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதே கூலர் சுத்தியல் மாதிரி அடிக்கும். 2015-இல் இன்டெல்லின் ஸ்கைலேக் பிராசஸர்கள் முன்னதைவிட மெலிந்த பலகையோடு வந்தபோது, பொருத்திய நிலையில் கொண்டுபோகையில் அதிர்ச்சிபட்டால் பிராசஸரும் அது உட்காரும் சாக்கெட்டும் கெடலாம் என்ற புகார் எழுந்தது. சைத் என்ற ஜப்பானியக் கூலர் நிறுவனம் மாற்று ஸ்க்ரூ கொடுத்தது. நாக்டுவாவே, கணினியை அனுப்பும்போது கனமான கூலரைக் கழற்றிவிடுவது நல்லது என்கிறது.

அதனால் அந்தப் பெட்டியைச் சோபா, அலமாரியோடு லாரியில் ஏற்றாதீர்கள். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள், நம்பாதீர்கள். டாக்சியில் பின்னிருக்கையில், பெட்டியின் கண்ணாடிப் பக்கம் மேலே வருமாறு படுக்கவையுங்கள். அப்போது போர்டு கீழே, கூலர் அதன்மேல் நேராக நிற்கும், இழுவை இருக்காது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளட்டும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோகட்டும். லிஃப்ட் வாசல் இடுக்கில் தள்ளுவண்டி தடுக்கும் பாருங்கள், அந்த ஒரு குலுக்கலும் கணக்கில் சேரும், கையில் தூக்குங்கள். லாரியைத் தவிர வழியில்லை என்றால் மட்டும் கூலரைக் கழற்றலாம். அப்படிக் கழற்றினால் முதலில் பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி அணைத்து, கூலரை லேசாக இடவலமாகத் திருப்பிய பிறகே தூக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் பழைய ஏஎம்4 வகை பிராசஸர்களில், கூலருக்கு அடியில் தடவிக் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும்.

இன்னொன்று. எது பழுதானாலும் நம் ஊரில் முதலில் வரும் பதில் "வாடிக்கையாளரால் வந்த சேதம்". ஆங்கிலத்தில் சுருக்கிச் சிஐடி என்பார்கள், போலீஸ் இல்லை. எனக்கே ஒரு கடையில் நடந்தது. சாக்கெட்டில் ஓர் ஊசி வளைந்திருக்கிறது என்றார்கள். விநியோகஸ்தரிடம் போ என்றார் கடைக்காரர், கடைக்குப் போ என்றார் விநியோகஸ்தர். மூன்று வாரம் பந்தாடினார்கள். அன்று முதல் சாக்கெட்டைத் திறக்கும்போதும் மூடும்போதும் போட்டோ எடுத்துவிடுகிறேன். உங்கள் பையனும் எடுக்கட்டும்.

உங்களுக்குப் பொருளை விற்றது கடை, பொறுப்பும் கடையுடையதுதான். 2012 செப்டம்பர் முதல் இங்கே நடப்பிலிருக்கும், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் சட்ட'ப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். நாமே கீழே போட்டு உடைத்தது இதில் சேராது. கடை மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் அடங்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். தனிநபருக்கு 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. படிவத்தை நிரப்பவும் ஆதாரத்தைத் திரட்டவும் போகிற நேரத்துக்கு யார் பணம் தருவார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தெங்கா போய்ச் சேர்ந்ததும் கணினியை உடனே போடாமல், பக்கக் கதவைத் திறந்து கூலர் ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு மெமரி அளவு முழுசாகத் தெரிகிறதா என்று பார்க்கட்டும். பாதி காட்டினால் கடைக்கு ஓடாமல், முதலில் அந்த ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மறுபடி முறுக்கட்டும்.