அம்மாவின் கையெழுத்து

கேள்வி: அம்பத்தூரில் சிறிய அளவில் பெயின்டை நீர்க்க வைக்கும் தின்னரும் வார்னிஷும் தயாரிக்கிறோம். தின்னரில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் சேர்ப்பதால் லைசென்ஸ், பதிவேடு என்று அலைச்சல் தாங்கவில்லை. குடிக்க முடியாத கலவை என்று சொல்லி, மதுவிலக்குச் சட்டத்திலிருந்து விதிவிலக்குக் கேட்டு எப்படி மனு எழுதுவது? நிறுவனம் அம்மா பெயரில் இருக்கிறது. 67 வயது. காட்டிய இடத்தில் கையெழுத்து மட்டும் போடுவார்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். அந்தக் கையெழுத்து எதற்கு என்று அம்மாவிடம் ஒருநாளாவது சொன்னீர்களா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். சாராயத்தில் இருந்தது மெத்தனால். உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை. அதன் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். உங்கள் கிடங்கிலிருந்து ஒரு டிரம் தவறான கைக்குப் போனால் போலீஸ் முதலில் தேடுவது லைசென்ஸில் இருக்கிற பெயரை. 67 வயதில் அம்மா ஸ்டேஷனில் என்ன பதில் சொல்வார்? லாபம் உங்களுக்கு, வழக்கு பெற்றவளுக்கா? இது பிள்ளை செய்கிற காரியமா?

சரி, மனுவுக்கு வருகிறேன். தொழில், மருத்துவம், அறிவியல் தேவைக்காகச் சில பொருள்களுக்கு விலக்கு அளிக்க 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அரசுக்கு இடம் தருகிறது. ஆனால் மெத்தனாலுக்கும், பிரெஞ்சு பாலிஷ் என்ற மர வார்னிஷுக்கும் 1959 முதல் தனி விதிகளே இருக்கின்றன. அதனால் 'குடிக்க முடியாது' என்ற ஒரு வரியை நம்பி மனுப் போடாதீர்கள். வார்னிஷ் குடித்துச் செத்தவர்களைப் பார்த்த மாநிலம் இது. கலவையில் எது எத்தனை சதவீதம், மெத்தனாலைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியுமா, யாருக்கு விற்கிறீர்கள் என்பதையெல்லாம் ஆய்வகச் சான்றோடும் ரசீதுகளோடும் எழுதுங்கள். மெத்தனால் இல்லாமல் தின்னர் செய்ய முடியுமா என்றும் உங்கள் கெமிஸ்டிடம் கேளுங்கள். முடிந்தால் அலைச்சலில் பாதி போய்விடும்.

பதிவேடு எழுதுவதை அலைச்சல் என்கிறீர்கள். டிரம் எங்கே போனது என்று நாளைக்குக் கேட்டால் காட்டுவதற்கு அந்த நோட்டுதான் இருக்கும். விலக்குக் கிடைத்தாலும் அதை நிறுத்தாதீர்கள்.

முதலில் ஆடிட்டரையும் வக்கீலையும் பார்த்து, நிறுவனத்தையும் லைசென்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். அது முடிகிறவரை ஒவ்வொரு தாளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். புரியவில்லை, கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். விதிவிலக்கு மனு அதற்கப்புறம்தான்.