அந்த 'வெறும்' எங்கேர்ந்து வந்துச்சு?

கேள்வி: 'இது என் சரீரத்தின் அடையாளம்'னு தெர்த்துல்லியனே எழுதியிருக்காராமே, அப்போ ஆதி கிறிஸ்தவங்களுக்கு நற்கருணை (கிறிஸ்துவோட சரீரம், ரத்தம்னு சபையில வாங்குற அப்பமும் ரசமும்) வெறும் அடையாளம்தானே?

பதில்: எழுதியிருக்கார், உண்மைதான். ஆனா அவர் யார்கூட வாதாடிட்டு இருந்தார்னு பார்க்காம அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துட்டு வர்றாங்களே, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். இயேசுவுக்கு நிஜ உடம்பே கிடையாது, பார்க்க மனுஷன் மாதிரி ஒரு தோற்றம்தான்னு மார்சியன்னு சபை ஒதுக்கிவெச்ச ஒரு போதகர் போதிச்சுட்டுப் போயிருந்தார், அதை மறுத்து 3ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ்காரரான கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதின நூல்லதான் இந்த வரி வருது, லத்தீன்ல 'ஃபிகுரா'ங்கற வார்த்தை, உருவம், அடையாளம்னு அர்த்தம். நிஜமா ஒரு உடம்பு இருந்தாத்தானே அதுக்கு ஃபிகுரான்னு ஒண்ணு இருக்க முடியும், மாயைக்கு ஏதுய்யா உருவம்னு கேக்குறார். சரீரம் நிஜம்னு நிரூபிக்கத்தான் அந்த வார்த்தையையே எடுத்திருக்கார். இதே மனுஷன் உயிர்த்தெழுதல் பத்தின நூல்ல, ஆன்மா கடவுளால் போஷிக்கப்படணும்னுதான் நம்ம மாம்சம் கிறிஸ்துவோட சரீரத்தையும் ரத்தத்தையும் உண்ணுதுன்னு எழுதுறார். 'வெறும்'ங்கறதுக்கு இதுல எங்கே இடம்?

அவருக்கு முன்னாடியே, 2ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, சாகடிக்க ரோமுக்கு இழுத்துட்டுப் போற வழியில அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார் சிமிர்னா சபைக்கு எழுதின கடிதம் இருக்கு, நற்கருணை நம்ம இரட்சகரோட மாம்சம்னு ஒத்துக்காதவங்க அதை விட்டு ஒதுங்குறாங்கன்னு குறை சொல்றார். சுமார் 155ல ஜஸ்டின்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளரும் இதை நாங்க சாதாரண அப்பமா வாங்குறதில்லன்னு சொல்லிட்டார்.

அதுக்காக எல்லாரும் ஒரே மாதிரி பேசினாங்கன்னும் சொல்ல மாட்டேன். அலெக்சாந்திரியா கிளமெந்து மாம்சம், ரத்தம்ங்கறதையெல்லாம் விசுவாசம், நம்பிக்கைன்னு உருவகமாவும் விளக்குறார். ஆயர் அகுஸ்தீனார் இன்னும் ஒரு படி மேல, மனுஷகுமாரனின் மாம்சத்தைப் புசிக்கணும்ங்கற வசனத்தை உருவகமாத்தான் எடுத்துக்கணும்னு ஒரு நூல்ல எழுதிட்டு, புதுசா ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்குச் செஞ்ச பிரசங்கத்துல, பீடத்துல நீங்க பார்க்குற அப்பம் தேவ வார்த்தையால பரிசுத்தமானதும் அது கிறிஸ்துவோட சரீரம்னு சொல்றார். முரண்பாடுன்னு நமக்குத் தோணும், அவருக்குத் தோணல.

ஏன்னா அன்னைக்கு அடையாளம்னா, தான் குறிக்கிற பொருளை ஏதோ ஒரு விதத்துல தனக்குள்ளயே வெச்சிருக்கறது. நாமதான் அடையாளம்னாலே நிஜம் இல்லன்னு படிக்கிறோம். உருவமா நிஜமான்னு ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தி தனி நூலே எழுதினது 9ஆம் நூற்றாண்டுல, பிரான்சுல இருந்த கோர்பி மடத்துத் துறவிகள் ராட்பெர்த்துஸ், ராத்ராம்னுஸ் காலத்துல. தெர்த்துல்லியன் போய் அறுநூறு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு.