வரலாறு படித்துவிட்டு லண்டன் வரும் தம்பிக்கு

சென்னையில் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன், லண்டனில் எம்.ஏ. சேரலாமா, வேலை கிடைக்குமா, குளிர், வாடகையெல்லாம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். குளிரும் வாடகையும் நம்மவர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாமில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். படித்து முடித்ததும் இங்கேயே தங்கி வேலை பார்க்க இரண்டு வருஷ விசா என்பார். 2027 ஜனவரி 1 முதல் எம்.ஏ. முடித்து விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். படிக்கும்போது, கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நான் வந்த காலத்திலும் இந்த ஆட்கள் இப்படித்தான்; பணம் கட்டியதும் போனை எடுக்க மாட்டார்கள்.

அடுத்து நம்மவர்கள். ஹிஸ்டரி படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைக் கேட்டார்கள். இங்கே பல வேலைகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், ஆகவும் சட்டப் பட்டம் கட்டாயமில்லை. 2021-ல் வந்த எஸ்.க்யூ.ஈ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம், கூடவே இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும். இத்தனை காலம் இங்கே வாழ்ந்தும் இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்களே என்று எனக்குக் கோபம் வரும்.

நான் ஒரு வங்கியில் வாடிக்கையாளர் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். இதை எழுதியது யார், எப்போது, யாருக்காக, எதைச் சொல்லாமல் விட்டார்? வரலாற்று வகுப்பில் கற்ற இந்தக் கேள்விகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கம்பெனி பதிவாவதற்கு முன்பே அதன் பெயரில் எழுதப்பட்ட கடிதம் வந்தால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் என் கண் அந்தத் தேதியில்தான் நிற்கும்.

ஆவணக் காப்பக வேலைதான் ஆசை என்றால் வரலாறு எம்.ஏ. மட்டும் போதாது. அதற்கென்றே யூ.சி.எல். (யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்), லிவர்பூல் பல்கலைக்கழகங்களில் தனி முதுகலை இருக்கிறது. சேருவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிடங்கில் இரவு வேலை பார்த்த நாட்களில், விடிந்ததும் தூங்கப் போகாமல் பிரிட்டிஷ் லைப்ரரிக்குப் போவேன். அங்கே உட்கார்ந்து படிப்பதற்கான பாஸுக்குக் கட்டணம் கிடையாது. புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதி லண்டனுக்கு அனுப்பிய நடவடிக்கைக் குறிப்புகள் அங்கே கிடைக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1672 முதலான அந்தக் குறிப்புகளோடு பழகியிருந்ததால் 17-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்க நான் தடுமாறவில்லை. கூடப் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகளே என்னிடம் வந்து வாசிக்கச் சொல்வார்கள்.

விமானம் ஏறுவதற்கு முன் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நீங்களும் எழும்பூருக்குப் போய்ச் சில வாரம் உட்காருங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணம் அப்படியே இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.